காப்பி நிறத்தில் கிரவுன் ஆயில்

தண்ணீரில் இறங்கி வந்த ஜீப்பை எல்லாரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, இன்ஜின் ஆயில் நிறம் மாறியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாட்டர் வாஷ் அடித்து வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார்கள். அடியில் இருக்கிற இரண்டு ஆக்ஸிலையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆக்ஸிலின் நடுவில் இருக்கிற, இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல், பட்டறையில் அதையே கிரவுன் என்பார்கள். அதற்கு டேஷ்போர்டில் விளக்கு கிடையாது, டிப் ஸ்டிக் கிடையாது, தண்ணீர் உள்ளே போன அன்றைக்கு அது ஒரு சத்தமும் போடாது. மாதக்கணக்கில் ஓடிய பிறகு ஒருநாள் நாலு வழிச்சாலையில் போகும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வரும். அந்த நேரத்தில் வெள்ளம் யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது, டயர் சத்தம் என்று டயரை மாற்றுவார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது, பழைய தார், ஜிப்ஸி, மேஜர் மாதிரி ஜீப்புகள் வைத்திருந்தவர்கள் பால் பாக்கெட்டும் பிரெட்டும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நல்ல காரியம். பிறகு அந்த வண்டிகளில் பல, பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போய் உட்கார்ந்திருக்கும் பட்டறைக்கு வந்தன, பெரும்பாலும் வேறு வேலைக்காக. அங்கே இருக்கிற மெக்கானிக் அண்ணாச்சி, வந்த வண்டி எதுவானாலும், சொன்ன வேலையைத் தொடுவதற்கு முன்னால் கிரவுன் பிளக்கைத் திறந்து பார்த்துவிடுவார். அவர் திறந்ததில் நான் பார்த்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தாரின் பின் ஆக்ஸில். மேல் பிளக், அதாவது ஆயில் ஊற்றுகிற பிளக்கை அவர் லேசாகத் திருப்பியதுமே ஓரத்தில் ஆயில் வழிய ஆரம்பித்தது. அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரைதான் ஆயில் இருக்க வேண்டும். இங்கே யாரும் புதிதாக ஊற்றாமலே அளவு கூடியிருக்கிறது. அண்ணாச்சி பிளக்கைக் கழற்றக்கூட இல்லை, "தம்பி, இது தண்ணி குடிச்சிருக்கு, கீழ ட்ரே வை" என்றார். வழிந்தது ஆயிலாகவே தெரியவில்லை, பால் தாராளமாக விட்ட காப்பி மாதிரி இருந்தது. விரலில் தேய்த்தால் வழுவழுப்புக்குப் பதிலாக ஒரு பிசுபிசுப்பு. கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நாற்றத்தோடு கொஞ்சம் சேற்று வாடையும் வந்தது.

வண்டிக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "முழங்கால் தண்ணிதான் அண்ணாச்சி, அதுக்கு மேல இறங்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய தாரின் டயர் 235/70 ஆர்16. மொத்த உயரம் 73 சென்டிமீட்டர் சொச்சம். ஆக்ஸிலின் மையம் அதில் பாதி, பாரத்தில் டயர் அமுங்குவதையும் சேர்த்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர்தான். முழங்கால் தண்ணீர் என்பது 45, 50 சென்டிமீட்டர் வந்துவிடும். அதாவது டிரைவர் தன் கால் நனையவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதே ஆக்ஸில் முழுதாக மூழ்கியிருக்கிறது. புதிய தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்வதைப் பார்த்துவிட்டு, அதே நம்பிக்கையில் இருபது வருட ஜீப்பை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். புது வண்டியில் பிரீதர் குழாய் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வருகிற வழி), சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையம்) எல்லாம் புதுசு. உங்கள் ஜீப்பில் அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

மூழ்கினால் மட்டும் தண்ணீர் உள்ளே போய்விடாது. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆழம்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். பிரச்சினை சூடு. ஆக்ஸில் ஹவுசிங்கில் பாதிக்கு மேல் காற்றுதான் இருக்கிறது. வண்டி ஒரு மணி நேரம் ரோட்டில் ஓடினால் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றவைக்கிற பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் உரசி ஆயில் சூடாகி, அந்தக் காற்று விரிந்து, மேலே இருக்கிற பிரீதர் வழியாக வெளியே போய்விடும். எண்பது டிகிரியில் இருக்கிற ஹவுசிங் அப்படியே வெள்ளத்தில் இறங்குகிறது. உள்ளே இருக்கிற காற்று முப்பது டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் அளவு 14 சதவீதம் சுருங்கும். உள்ளே இரண்டு லிட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் கால் லிட்டருக்கு மேல் இடம் காலியாகிறது, அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது வந்தே ஆக வேண்டும். பிரீதர் தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று வரும். மூழ்கியிருந்தால் தண்ணீர் வரும். அடைத்துப் போயிருந்தால் சீல் வழியாக வரும், ஏனென்றால் ஆக்ஸில் சீலும் பினியன் சீலும் முக்கியமாக ஆயிலை உள்ளே பிடித்து வைக்கத்தான், வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளேயிருந்து ஒரு சக்தி இழுத்தால் அந்த ரப்பர் உதடு அதிக நேரம் தாங்காது.

அதனால்தான் இடுப்பளவு தண்ணீரில் நிதானமாக இறங்கிய வண்டி ஒன்றுமில்லாமல் வந்துவிடுவதும், திருச்செந்தூர் ரோட்டில் வேகமாக வந்து சட்டென்று முழங்கால் தண்ணீரில் இறங்கிய வண்டி மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. இறங்குவதற்கு முன்னால் ஒரு இருபது நிமிடம் நிறுத்தி, ஹவுசிங்கைத் தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இறங்கினால் பாதிப் பிரச்சினை குறையும். மக்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது யார் இருபது நிமிடம் நிற்பார்கள் என்று கேட்டால், நியாயம்தான், நிற்க வேண்டாம். அதற்குப் பதிலாக மறுநாள் பிளக்கைத் திறங்கள்.

இதில் வெள்ளமே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது, வாட்டர் வாஷ். மதுரையிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்து, சூடு ஆறாமல் ரேம்ப்பில் ஏற்றி, அடியில் பிரஷர் தண்ணீர் அடித்தால் ஆக்ஸிலுக்கு அதுவும் ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான். அதிலும் சில பையன்கள் சேறு போக வேண்டும் என்று பிரீதருக்கு நேராகவே பிரஷர் கன்னைப் பிடிப்பார்கள்.

சரி, கொஞ்சம் தண்ணீர் போனால் என்ன, ஓட ஓட சூட்டில் ஆவியாகிவிடாதா என்று கேட்பார்கள். இன்ஜினுக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் இன்ஜின் உள்ளே இருக்கிற ஆவியை இழுத்து வெளியேற்ற ஏற்பாடு இருக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு இருப்பது ஒரு சின்னத் துளை மட்டும். பகலில் கிளம்பும் ஆவி ராத்திரி ஹவுசிங்கின் மேல் பக்கத்தில் குளிர்ந்து மறுபடி துளியாக இறங்கும். ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிற இரும்பில் துரு பிடிப்பது இப்படித்தான்.

அந்தக் கியர் ஆயில் சாதாரண ஆயிலும் அல்ல. ஜீப் கிரவுன் பினியனில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும், அதனால் பல்லோடு பல் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலின் அழுத்தத்தில் வெறும் ஆயில் படலம் பிய்ந்துவிடும் என்பதற்காகத்தான் ஜிஎல்-5 என்கிற தரத்து ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்து சேர்க்கிறார்கள், அது சூட்டில் இரும்போடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலம் போடும். தண்ணீர் கலந்தால் ஆயில் படலத்தின் வலு போகிறது, மருந்தின் வேலை கெடுகிறது, அமிலமும் உண்டாகிறது. ஆற்று வெள்ளமென்றால் கூடவே வண்டல், அது பேரிங்கை அரைத்துக்கொண்டே இருக்கும். தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய ரோடுகளில் போன வண்டிகளுக்கு உப்பும் சேர்ந்துகொண்டது. உப்புத் தண்ணீர் பட்டது என்று தெரிந்தால் நாளை, நாளை மறுநாள் என்ற பேச்சே கூடாது.

வண்டி ஓடிக்கொண்டிருப்பதைவிட நிற்கும்போதுதான் கெடுதல் அதிகம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் ஓட்டாமல் நிறுத்தினால் ஓரளவு பிரிந்து அடியில் தங்கும். பினியன் பேரிங்கின் உருளைகள் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி ஒரு பேரிங்கின் வெளி வளையத்தைத் துடைத்துக் காட்டினார். பளபளப்பான பாதையில், உருளைகள் எவ்வளவு இடைவெளியில் இருந்தனவோ அதே இடைவெளியில் கறுப்புக் கோடுகள். நகத்தால் கீறினால் குழி தட்டுப்படுகிறது. அதன்பிறகு உருளைகள் அந்தப் பாதையில் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குழியில் இடித்து இடித்து அதைப் பெரிதாக்கும். வெள்ளம் வடிந்த கையோடு ஊருக்குப் போய்விட்டு, பொங்கலெல்லாம் முடிந்து வந்து வண்டியை எடுத்தவர்களுக்கு வந்த செலவு இதுதான்.

பார்ப்பது எப்படி? மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். இது போதாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேலே நல்ல ஆயில் தெரியும், தண்ணீர் அடியில் கிடக்கும். நின்ற வண்டி என்றால் கீழ் பிளக்கைக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள், தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அது சொட்டும். அப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால் எல்லாம் கலங்கி ஒரே நிறமாக இருக்கும், மேல் பிளக்கிலேயே தெரிந்துவிடும். ரொம்பக் கொஞ்சமாகப் போயிருந்து சந்தேகமாக இருந்தால் பழைய இரும்புத் தகடு ஒன்றைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்பாகத் தள்ளி நின்று செய்ய வேண்டும். வீட்டுத் தோசைக்கல்லில் செய்துவிட்டு நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

மாற்றும்போது எந்த அவசரத்திலும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, அப்புறம் மேல் பிளக் துருப்பிடித்துத் திரும்பாமல் மொக்கையாகிப் போனால், ஆயில் இல்லாத ஆக்ஸிலோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான். வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைப் பனியன் வேஸ்டில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருப்பது எல்லா வண்டியிலும் இருப்பது, கவலை வேண்டாம். விரலில் குத்துகிற மாதிரி செதில் வந்தால் ஆயில் மாற்றி மூடாதீர்கள், ஹவுசிங்கைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை வடித்து நிரப்பினால் போதாது. ஆக்ஸில் குழாய்களிலும் பேரிங்குக்குப் பின்னாலும் பால் ஆயில் தங்கியிருக்கும். டீசல் ஊற்றி, சக்கரத்தைத் தூக்கி வைத்து கியரில் சுற்றவிட்டு அலசுவது நம்மூர்ப் பட்டறைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழாய்க்குள் போன டீசல் முழுதாக வடியாது, அடுத்து ஊற்றுகிற நல்ல ஆயிலை அது நீர்க்க வைக்கும், வேலையே ஆயிலின் கெட்டித்தன்மையைக் காப்பாற்றத்தானே. விலை குறைந்த ஜிஎல்-5, 90 கிரேடு ஆயிலை அளவாக ஊற்றி, பாரம் ஏற்றாமல் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டால் டீசலைவிட நன்றாகக் கழுவும். வடிந்தது இன்னும் வெளுப்பாக இருந்தால் இன்னொரு தடவை. அளவொன்றும் பெரிதில்லை, ஜிப்ஸியில் முன் ஆக்ஸிலுக்கு 2 லிட்டர், பின்னுக்கு 1.5 லிட்டர். ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிற தார்க்காரர்கள் மட்டும், கடைக்காரர் கொடுத்ததை வாங்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த ஆயில் என்று பார்த்து வாங்குங்கள், அதற்குள் கிளட்ச் பிளேட் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஜிஎல்-5 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம், கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்குகிற பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கும் பெட்டிகளுக்கு எல்லா ஜிஎல்-5 ஆயிலும் ஒத்துக்கொள்ளாது.

செலவை நினைத்துத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒன்று. கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வரும், ஒன்று போனால் இரண்டும் மாற்ற வேண்டும். மாற்றினால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பல்லில் நீலம் தடவி பற்கள் எங்கே உரசுகின்றன என்று மார்க்கிங் பார்த்து, பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் இடைவெளி) சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். பாகம் கிடைத்தாலும் அந்த ஆள் கிடைப்பது இப்போது கஷ்டமாகிக்கொண்டே வருகிறது.

ஆயில் மாற்றியதோடு நிறுத்தினால் அடுத்த மழைக்கு இதே கதை, அதனால் பிரீதரைப் பாருங்கள். ஆக்ஸிலின் மேல் பக்கத்தில் சின்ன மூடியோ, ஒரு முனை குழாயோ இருக்கும். கழற்றி வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். சேறு அடைத்திருக்கும், குளவி மண் வைத்து மூடியிருக்கும், அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்தவர்கள் பிரீதர் மேலேயே அடித்து வைத்திருப்பார்கள். அடைத்த பிரீதருக்கு ஓர் அடையாளம், சீல் மாற்றி மாற்றி ஆயில் ஒழுகுவது. உள்ளே சேர்கிற அழுத்தம் போக வழியில்லாமல் புது சீலையும் தள்ளிக்கொண்டு வரும். பாவம், பழி சீல் மேல் விழும்.

பிரீதரை மேலே ஏற்றிவிடுவது ஒரு மதிய நேர வேலை. ஆயில் தாங்குகிற 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஹோஸ், ஒரு நிப்பிள், நாலு கிளிப், முனைக்கு ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டர். பின் ஆக்ஸிலுக்கு டெயில் லேம்ப் உயரத்துக்கும், முன் ஆக்ஸிலுக்கு இன்ஜின் அறைக்குள் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவுக்கும் கொண்டு போங்கள். ஹோஸ் நடுவில் தொய்யக் கூடாது, தொய்ந்த இடத்தில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி அதுவே அடைப்பாகிவிடும். ஆக்ஸில் மேலும் கீழும் ஆடுகிற அளவுக்குத் தளர்வு விட வேண்டும், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது. முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கியர் பாக்ஸுக்கும்கூட பிரீதர் உண்டு, அடியில் போனதோடு அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

முன் ஆக்ஸிலை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நிரந்தரப் புகார். ஜிப்ஸி மாதிரி ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பூட்டு) இருக்கிற வண்டியில் ஹப்பை விடுவித்து ஓட்டினால் முன் டிஃபரன்ஷியல் சுற்றவே சுற்றாது. ஆயில் மேலே தெறிக்காது, தண்ணீர் அடியில், துரு மேலே, சத்தம் எதுவும் இல்லை. வெள்ளத்தில் ஃபோர் வீலில் போய்விட்டு வந்து, டூ வீலுக்கு மாற்றி ஒரு வருடம் ஓட்டினால் முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. கூடவே ஜிப்ஸியின் முன் சக்கரத்தை ஒட்டிய உருண்டை, அதான் நக்கிள், அதற்குள் கிரீஸ் இருக்கும். வெளிப்பக்க சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் அங்கே புகும், உள் சீலும் போயிருந்தால் கிரவுன் ஆயிலும் கிரீஸும் தண்ணீரும் கலந்து கறுப்புக் கூழாகக் கிடக்கும். அதை அள்ளித்தான் எடுக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

இது ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொலேரோ, லோடு ஏற்றுகிற சின்ன யானை, பழைய குவாலிஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் கிரவுன் இருக்கிறது. தண்ணீரில் மூழ்கியே கிடந்த வண்டி என்றால் சக்கரம் உருள இழுத்துக்கொண்டு போகாதீர்கள், சக்கரம் சுற்றினால் உள்ளே கிரவுனும் சுற்றும். நிற்கிற இடத்திலேயே வடித்து, புது ஆயில் ஊற்றிய பிறகு நகர்த்துங்கள், இல்லையென்றால் ஃபிளாட் பெட் லாரியில் ஏற்றுங்கள்.

மாற்றிய பிறகு ஐந்நூறு கிலோமீட்டர் போல ஓடியதும் ஒரு தடவை மேல் பிளக்கைத் திறந்து பாருங்கள். தேன் நிறம் அப்படியே இருந்தால் இனி வழக்கமான சர்வீஸ் கணக்குக்குப் போகலாம். தண்ணீர் பக்கமே போகாமல் மறுபடி வெளுத்திருந்தால் முதல் அலசல் போதவில்லை, அல்லது மழை ரோட்டுத் தண்ணீரையே விடுகிற அளவுக்குச் சீல் போய்விட்டது. அப்போது பின் பிரேக் டிரம்மைக் கழற்றி பிரேக் லைனிங்கில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சீல் உட்காருகிற இடத்தில் ஆக்ஸிலில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் விழுந்த ஆக்ஸிலில் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்துக் கொடுத்தால், பழைய ஆயில் எடுக்கிறவர்கள் பட்டறைக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் கலந்ததைத் தனிக் கேனில் வையுங்கள், அவர்களுக்கு அதற்கு விலை வேறு.